போர்த்துகீசிய மொழியில் இத்தனை ‘அல்’ எங்கிருந்து வந்தது?

கேள்வி:
ஆறு மாதமாகப் போர்த்துகீசியம் படிக்கிறேன். லத்தீனிலிருந்து வந்த மொழி என்றுதான் பாடமே தொடங்கியது, ஆனால் தலையணைக்கு அல்மோஃபாடா, தையல்காரருக்கு அல்ஃபையாட், பருத்திக்கும் ஒரு ‘அல்’ என்று திரும்பின பக்கமெல்லாம் அதுதான். எல்லாமே அரபியா? சர்க்கரையும் (அசூகர்) அரிசியும் (அர்ரோஸ்) கூட அரபி என்கிறார்கள், அவற்றில் ‘அல்’லைக் காணோமே?

பதில் 1:
அவற்றிலும் இருக்கிறது, கரைந்துபோயிருக்கிறது. ‘அல்’ அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டு, ஆங்கில ‘the’ மாதிரி. அடுத்து ஸ, ர மாதிரி ஒலி வந்தால் ‘ல்’ அதுவாகவே மாறிவிடும்: அஸ்ஸுக்கர், அர்ருஸ். நம் நல் + நெறி நன்னெறி ஆகிறதே, அது மாதிரிதான். 711-இல் ஐபீரியாவுக்குள் (ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம்) வந்த முஸ்லிம் ஆட்சி, போர்ச்சுகலின் தெற்கில் 1249-இல் ஃபாரோ நகரம் வீழும்வரை நீடித்தது. அந்தத் தெற்குப் பகுதியின் பெயரான அல்கார்வே கூட ‘அல்-கர்ப்’தான், மேற்கு என்று பொருள். இத்தனை தலைமுறை பக்கத்திலேயே வாழ்ந்து காதால் கேட்டு எடுத்த சொற்கள், அதனால் சுட்டும் சேர்ந்தே வந்துவிட்டது. இத்தாலியர்கள் பருத்தியை ‘கொட்டோனே’ என்று சுட்டில்லாமல்தான் எடுத்தார்கள்.

பதில் 2:
ஒரு எச்சரிக்கை: ‘அல்’லைப் பார்த்ததும் அரபி என்று முடிவு கட்டாதீர்கள். அல்மோசோ (மதிய உணவு), அல்மா (ஆன்மா) இரண்டும் லத்தீன் வழி. இன்னொரு நல்ல தடயம் ‘ஃப’. அரபியில் தொண்டையிலிருந்து வரும் ‘ஃக’ ஒலி போர்த்துகீசியத்தில் பல சொற்களில் ‘ஃப’ ஆனது. ஃகய்யாத் அல்ஃபையாட் ஆனார், ஃகஸ் என்ற கீரை அல்ஃபாஸ் ஆனது, மிஃகத்தா அல்மோஃபாடா ஆனது. ஸ்பானியர்கள் அதே தலையணையை ‘அல்மோஆடா’ என்கிறார்கள், அங்கே ‘ஃப’ இல்லை.

கேட்டவர்:
அடடா, அல்மோஃபாடா இப்போதுதான் புரிகிறது. மிக்க நன்றி!

பதில் 3:
எனக்குப் பிடித்தது ஆலிவ். மரத்துக்குப் பெயர் ஒலிவெய்ரா, லத்தீன். ஆனால் காய் அசெய்டோனா, எண்ணெய் அசெய்ட், இரண்டும் அரபி. மரம் ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே நிற்கிறது, சந்தையிலும் அடுப்படியிலும் புழங்கிய பொருளுக்கு மட்டும் புதுப் பெயர் ஒட்டிக்கொண்டது! அப்புறம், ‘அர்மசெம்’ (கிடங்கு) என்ற சொல்லும் நம் கஜானாவும் ஒரே அரபி வேரிலிருந்து வந்தவை. நல்லது நடக்கட்டும் என்று சொல்ல போர்த்துகீசியர் ‘ஒஷலா’ என்பார்கள், அதற்குள் ‘அல்லாஹ்’ இருக்கிறது. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், இன்ஷா அல்லாஹ்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று கேட்கும்.