21 நாள் கணக்கு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் எங்கள் வீட்டு வரவு செலவும்

நேற்று அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது சிகிச்சைக் காலத்து வீட்டுக் கணக்கு நோட்டு கையில் கிடைத்தது. சில பக்கங்களில் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏறிய வாரங்களில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்ப் பேனா பிடிக்க வராது. எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. இப்போது சிகிச்சையைத் தொடங்குகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மற்றவர்களும் எழுதுங்கள்.

எனக்கு முதலில் அறுவை சிகிச்சை. அப்புறம் கீமோ: 21 நாளுக்கு ஒரு முறை என்று சிவப்பு மருந்து (நிறத்தை வைத்து அப்படிச் சொல்வோம்) 4 டோஸ், பிறகு வாரம் ஒன்றாக பாக்ளிடாக்செல் 12, கடைசியில் ரேடியேஷன். மருத்துவமனை பில்லுக்கு நாங்கள் ஓரளவு தயாராகத்தான் இருந்தோம். எதிர்பாராதது மற்ற செலவுகள். போக வர வண்டி, காத்திருக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கு வெளிச்சாப்பாடு, வாய்ப்புண்ணுக்கு மருந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்குச் சம்பளம், எனக்கும் கணவருக்கும் சம்பளம் வெட்டிய லீவு நாட்கள். ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் மாதக் கடைசிக்கு முன்பே கை காலியாகிவிடும்.

கணக்கு ஏன் உதைக்கிறது என்று இரண்டாவது டோஸுக்குப் பிறகுதான் புரிந்தது. சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, உடம்பு 21 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. முதல் 5 நாள் எழுந்து அடுப்படிக்குப் போக முடியாது, தாளிக்கிற வாசனையே ஆகாது. சுமார் 7ஆம் நாளிலிருந்து 14 வரை வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும், கூட்டத்தில் போகக் கூடாது. மூன்றாவது வாரம்தான் நான் நானாக இருப்பேன். ஆகவே மாதக் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மூன்று கவர் போட்டோம். முதல் கவரில் வண்டிக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும், இரண்டாவதில் மருந்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும், மூன்றாவதில் வீட்டுக் கட்டணங்களுக்கும் பள்ளிக்கும். நல்ல வாரத்தில் சமைத்து உறைய வைத்தது, மோசமான வாரத்தின் வெளிச்சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தது.

நான்காவதாக ஒரு கவர் இருந்தது. அதன் மேல் "காய்ச்சல்" என்று எழுதி வைத்தேன். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாவது டோஸின் 10ஆம் நாள், நடுராத்திரி. உடம்பு லேசாக வெடவெடத்தது. தெர்மாமீட்டர் 38.3 காட்டியது. மாதக் கடைசி வேறு. "காலையில் பார்த்துக்கொள்ளலாமா" என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து அந்தக் கவரை எடுத்தார். 4 நாள் உள்ளே இருந்தேன். அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன, வந்தது நல்லது என்றார் டாக்டர். வேறு எந்தச் சேமிப்பில் கை வைத்தாலும் இந்த ஒன்றை மட்டும் தொடாதீர்கள், தயவுசெய்து. பணத்தை நினைத்துத் தயங்கும் அந்த ஒரு மணி நேரம் ஆபத்தானது.

இன்னும் இரண்டு விஷயம். ஒருமுறை டோஸுக்கென்று விடியற்காலையில் கிளம்பிப் போய், அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, "கவுண்ட் பத்தாது, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் சம்பளமும் வண்டிச் செலவும் வீண். அதற்குப் பிறகு முந்தின நாளே வீட்டுக்குப் பக்கத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை அனுப்பி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கிளம்பினோம். அடுத்தது, கீமோவோடு தருகிற ஸ்டீராய்டு. எனக்கு முதல் இரண்டு இரவும் தூக்கமே வராது, மனசு பரபரவென்று ஓடும். அப்படி ஓர் இரவு 2 மணிக்குப் போனைப் பார்த்துக்கொண்டே விலை உயர்ந்த விக் ஒன்றும் தலைத்துணிகளும் வாங்கிவிட்டேன். அந்த விக்கை ஒரே நாள்தான் வைத்தேன், தலை அரித்தது. பண விஷயம் எதுவானாலும் அந்த இரண்டு நாள் கழித்து முடிவெடுங்கள்.

* * *

நான் வேறொரு வீட்டுக் கணவர். என் மனைவிக்கு ஹெர்2 பாசிட்டிவ் வகை, அதாவது புற்று அணுக்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகம். கீமோ முடிந்த பிறகும் அந்த வகைக்கென்றே தருகிற டிராஸ்டுசுமாப் ஊசி, 3 வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஓர் ஆண்டு. கீமோவோடு செலவு முடிந்துவிடும் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஓர் ஆண்டு பெரிய இடி. டாக்டரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. மனைவியின் உயிரைப் பேரம் பேசுகிற மாதிரி ஓர் உறுத்தல். இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்டேவிட்டேன்: "இதே மருந்து விலை குறைவாக வேறு கம்பெனியில் வருகிறதா?" அவர் முகம் சுளிக்கவே இல்லை. பயோசிமிலர் என்று இருக்கிறது, அதே வேலையைத்தான் செய்யும் என்று சொல்லி அன்றே சீட்டை மாற்றி எழுதினார். நான் ஏன் முன்னாலேயே கேட்கவில்லை என்று இன்னும் வருந்துகிறேன். அந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது. எந்தக் கட்டணம் எந்தத் தேதி, எந்த பாஸ்வேர்ட் எதற்கு என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. கீமோ நாட்களில் அவளுக்கு மறதி வந்தது. அடுப்பில் பால் வைத்ததை மறப்பாள், கட்டிய பில்லை மறுபடி கட்டப் போவாள். அதற்காக அவள் அழுத நாளில்தான் நான் உட்கார்ந்து எல்லாத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதல் டோஸுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. காப்பீட்டுப் பணம் ஒருமுறை எங்களுக்கு நின்றுபோனது, மருந்துச் சீட்டு இணைக்காத ஒரே ஒரு பில்லால். பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, சீட்டு, பில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

* * *

தையல் வேலை செய்கிறேன். வேலைக்கு உட்கார்ந்தால்தான் காசு. ரேடியேஷனுக்கு 25 நாள், 5 வாரம் என்றபோது திக்கென்றது. இதைவிடக் குறைந்த நாளில் முடிக்க வழி உண்டா என்று கேட்டேன். என் நிலைமைக்கு 15 நாள் முறை பொருந்தும் என்று சொல்லி 3 வாரத்தில் முடித்துவிட்டார்கள். 10 நாள் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. சிலருக்கு 5 நாளிலேயே முடிக்கிறார்கள், பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்த பிறகு அது பரவியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். எல்லோருக்கும் பொருந்தாது, அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்பது நம் உரிமை.

* * *

அம்மாவுக்குச் சிகிச்சை நடந்தபோது கணக்கு பார்த்தவள் நான். எங்கள் பணத்தை அதிகம் கரைத்தது ஒரு மூலிகைப் பொடி. பார்க்க வந்த உறவினர் ஒருவர் மிகுந்த அன்போடு சொன்னார், யாரோ குணமானார்களாம். ஒரு டப்பாவின் விலையில் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய் வந்திருக்கலாம். மூன்று டப்பா வாங்கினோம். டாக்டரிடம் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறி, அந்த டோஸ் ஒரு வாரம் தள்ளிப்போனது. அப்போதுதான் பொடியைப் பற்றிச் சொன்னோம். நிறுத்தச் சொன்னார்கள், அளவு இறங்கியது. அம்மா இழந்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது. சாப்பிடுவது எதுவானாலும், இயற்கையானது என்று சொன்னாலும், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அதே உறவினர்கள் "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்கும்போது நாங்கள் முதலில் "ஒண்ணும் வேண்டாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு சொல்லக் கற்றுக்கொண்டோம்: அடுத்த செவ்வாய் வண்டியில் கூட்டிக்கொண்டு போக முடியுமா, இந்த வாரம் இரண்டு வேளைச் சாப்பாடு அனுப்ப முடியுமா. பெரும்பாலும் எல்லோருமே செய்தார்கள். நாள் சொல்லிக் கேட்டதும் அவர்களுக்கே நிம்மதியாக இருந்தது போலத் தெரிந்தது.

* * *

சின்ன விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன். மார்பகத்தை எடுத்த பிறகு, காயத்தின் நீர் வடிவதற்கான ட்ரெய்ன் குழாயும் பாட்டிலுமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு நாளில் வடிவது சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பார்கள், அதுவரை தினமும் அளந்து எழுத வேண்டும். அதற்கென்று விற்கிற உடையை நான் வாங்கவில்லை. கணவரின் பழைய சட்டைகள், முன்பக்கம் பட்டன் வைத்தவை, உள்பக்கத்தில் பாட்டில் நிற்கிற அளவுக்கு ஒரு பை தைத்தேன். பாட்டில் ஆடாது, குழாய் இழுக்காது, கையைத் தூக்காமல் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு சட்டை போதுமாக இருந்தது. ஆனால் அறுவைக்குப் பிறகு வருகிற கை வீக்கத்துக்குப் போடுகிற இறுக்கமான ஸ்லீவில் சிக்கனம் பார்க்காதீர்கள். அளவெடுத்து வாங்க வேண்டும், 6 மாதத்தில் பிடிமானம் தளர்ந்துவிடும். அடுத்தவருடையதைப் போட்டுக்கொண்டு என் கை இன்னும் வீங்கியதுதான் மிச்சம்.

* * *

எனக்கு நான்காவது ஆண்டு ஓடுகிறது. நோய் திரும்பாமல் இருக்கத் தருகிற டாமாக்சிஃபென், தினமும் 20 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டுகூட. பெரிய செலவெல்லாம் முடிந்த பிறகு இந்தச் சின்னச் செலவைத்தான் நாம் "இந்த மாதம் போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். நானே ஒருமுறை 3 வாரம் விட்டேன். செக்கப்பில் சொன்னபோது டாக்டர் கோபப்படவில்லை, பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து, ஜெனெரிக் வாங்கலாமே என்றார், செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது வாடகைக்கு அடுத்த வரியில் மாத்திரையை எழுதுகிறேன்.

* * *

எனக்கு வருகிற வாரம் இரண்டாவது டோஸ். முதலில் எழுதிய அக்காவிடம் ஒரு கேள்வி. பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளிடம் சொன்னீர்களா? என் மகளுக்கு 12 வயது. எதுவும் தெரியக் கூடாது என்று மூடி மூடி வைக்கிறேன். அவள் இப்போதெல்லாம் எதுவுமே கேட்பதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

* * *

கண்ணு, நானும் அப்படித்தான் மூடி வைத்தேன். அந்தக் காய்ச்சல் இரவுக்குப் பிறகு பெரியவள் பென்சில் தீர்ந்ததைக்கூடச் சொல்லாமல், துண்டுப் பென்சிலைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு நோட்டை அவள் முன்னால் விரித்து, இது மருந்துக்கு, இது உங்கள் பள்ளிக்கு, இது சாப்பாட்டுக்கு என்று காட்டினேன். எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிந்தது. ஒன்றுமே இல்லை என்று நினைத்திருக்கிறாள் பாவம். பென்சிலுக்கு அங்கே இடம் இருப்பதைப் பார்த்ததும் மறுநாளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பாக்ளிடாக்செல்லில் என் விரல்கள் ஓய்ந்ததும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். அந்த நோட்டின் கடைசி 8 பக்கம் அவள் கையெழுத்து. மருந்துப் பெயரில்கூட ஒரு பிழை இல்லை.

உங்கள் மகளிடம் எல்லாத் தொகையையும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கென்று என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டுங்கள். வருகிற வாரம் எந்தக் கிழமை டோஸ்? முந்தின நாளே ரத்தம் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் போனதும் இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.