பொம்மை வண்டிக்கு முன்னால் செய்வதற்கு என்ன பெயர்?

பீளமேட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை வகுப்பில் பொம்மை உற்பத்திப் பாடம். குறிப்பைத் தமிழிலேயே தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு, 'புரோட்டோடைப்' (விற்பனைக்குத் தயாரிக்குமுன் செய்து பார்க்கும் முதல் பொருள்) என்ற சொல்லில் முட்டி நிற்கிறேன். முன்மாதிரி என்றால் பையன்களுக்குக் காமராசர்தான் நினைவுக்கு வருகிறார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. 1978இல் அமெரிக்காவின் கென்னர் கம்பெனி விற்க ஆரம்பித்த, ஸ்டார் வார்ஸ் படத்தின் மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைகளையே பாருங்கள். மெழுகில் செதுக்கினார்கள். அதன்மேல் சிலிக்கோன் ரப்பர் ஊற்றி அச்செடுத்து, அதற்குள் யூரித்தேன் பிசினை (ஊற்றியபின் கெட்டியாகும் ஒரு பிளாஸ்டிக்) வார்த்தார்கள். மெழுகு கைபட்டாலே மழுங்கும், பிசின் தாங்கும். எஃகு அச்சு செய்கிறவர்களுக்குப் போனது இந்தப் பிசின் படிதான். அந்த எஃகில் அடித்துப் பார்த்த முதல் பிளாஸ்டிக் பொம்மையோ கையில் கிடைத்த நிறத்தில் இருக்கும். எல்லாமே முன்மாதிரியா?

ஈரோட்டிலிருந்து:

'மாதிரி' தமிழா என்பதே எனக்கு ஐயம். 'முதலுரு' என்று எழுதுங்கள், முடிந்தது.

கணபதியிலிருந்து:

ஐயா, கோவிச்சுக்காதீங்க. முப்பது வருசமாக, மணலில் பதித்து வார்ப்புக்குக் குழி எடுக்கிற வடிவத்தைப் பம்ப் பாடிக்குத் தேக்கில் இழைக்கிறேன். எங்களுக்கு அது பேட்டர்ன். பாடநூலில் 'தோரணி' என்று போட்டார்கள்; பட்டறையில் ஒருத்தர்கூட அப்படிக் கேட்டதில்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதைச் சேர்த்தே கோடு போட்ட ஸ்கேல் வைத்திருக்கிறோம், அதில் ஓரடி என்பது ஓரடிக்குச் சித்தெ அதிகம். பொம்மைக் காருக்கு முன்பெல்லாம் இன்னும் பெரிதாகச் செய்வார்கள். மரத்திலோ பிசினிலோ செய்த பெரிய வடிவத்தைப் பான்டோகிராஃப் இயந்திரத்தின் ஒரு முனை தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதையே சிறிதாக எஃகில் வெட்டும். ஆக, முன்னால் வந்தது என்று மட்டும் சொன்னால் போதாதுங்க. குட்டிகளைவிடப் பெரியது, குட்டிகளைப் பெற்றது. 'தாய்வடிவம்' எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து:

பிசின் தாய் என்றால் மெழுகு அம்மச்சியா? தவிர, எல்லாம் பெரிதாக இருந்ததில்லை. லெஸ்னி என்ற இங்கிலாந்துப் பொம்மைக் கம்பெனியின் ஜாக் ஓடெல், மகள் பள்ளிக்குத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுபோகலாம் என்பதால், பித்தளையில் ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953இல் மேட்ச்பாக்ஸ் வண்டிகள் வந்தது அந்த யோசனையில்தான். விளையாடவே செய்தது அது. அது தாயா, பிள்ளையா? (எங்கள் பனங்காய் வண்டிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. நுங்கு தின்றதும் சக்கரம் தயார்.)

ஈரோட்டிலிருந்து:

என் 'முதலுரு'வை நானே திரும்பப் பெறுகிறேன். இரவு யோசித்தேன். தொல்காப்பிய உவமவியலில் உவமைக்கு அடிப்படை வினை, பயன், மெய், உரு என்று நான்கு. உரையாசிரியர்கள் மெய்யை வடிவு என்றும் உருவை நிறம் என்றும் கொள்வார்கள். வண்ணம் பூசாத பிசின் படியை 'உரு' என்பது எப்படிப் பொருந்தும்? 'முதன்மெய்' என்பதே சரி. 'அச்சு' பற்றியும் ஒரு வார்த்தை. குறளில் மயிற்பீலி ஏற்றிய வண்டியில் முறிவது அச்சு. உங்கள் பாடத்தில் பொம்மை வண்டியின் அச்சு, அதை வார்க்கும் அச்சு இரண்டும் வருமே. 'அச்சு முறிந்தது' என்றால் மாணவன் எதை மாற்றுவான்? வார்க்கிற அச்சைக் 'கரு' என்று சொல்லலாமே. கருவிலிருந்துதான்...

கணபதியிலிருந்து:

எதை மாற்றுவதென்று பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடுமுங்க.

பீளமேட்டிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவு அச்சுக்கு (இது மூன்றாவது அச்சு) அனுப்பியாக வேண்டும். மெழுகுக்கு 'மெழுகுரு', பிசினுக்குத் 'தாய்ப்படி', முதல் பிளாஸ்டிக்குக்கு 'முதலடி'. மரத்தில் இழைப்பது பேட்டர்னாகவே இருக்கட்டும். நாலு பேர் தனிமடலில் சம்மதம் சொன்னார்கள். அதில் இருவர், 'எதையாவது போட்டு முடியுங்கள்' என்றார்கள்.

ஈரோட்டிலிருந்து:

மெழுகுரு என்பதை மெழுகின் நிறம் என்றுதான் படிப்பேன். முதலடி வெண்பாவுக்கு உரியது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.