டிக்கெட்: சீட்டா, முடங்கலா? (கெர்பெரோஸ் பாடத்துக்கு ஒரு கலைச்சொல்)

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பரவல் கணிமைப் பாடநூலின் ஆறாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்கோப்புக்குப் போகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த அதீனா என்ற வளாகக் கணினித் திட்டம் பற்றிய இயல். 'டிக்கெட்' என்ற ஒரு சொல்தான் இன்னும் தீரவில்லை. அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். 1983 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் இரண்டின் துணையோடு அறிவிக்கப்பட்டு, 1991 ஜூனில் முடிந்த திட்டம் இது. வளாகத்தில் எந்தப் பணிநிலையத்தில் உட்கார்ந்தாலும் மாணவருக்குத் தம் கோப்பு, அஞ்சல், அச்சு எல்லாம் கிடைக்க வேண்டும். ஆனால் பொது அறையில் உள்ள கணினியை யாரும் அணைத்து, தம் வட்டிலிருந்து இயக்கி, தலைமைப் பயனராகிவிடலாம். எனவே 'இவர் இன்னார்' என்று பணிநிலையம் சொல்வதைச் சேவையகம் நம்ப முடியாது. வலையமைப்பில் ஒருவர் இன்னார்தான் என்று உறுதிசெய்யும் கெர்பெரோஸ் நெறிமுறை அதற்காகப் பிறந்தது.

செயல்முறை: (1) பயனர் பெயர் மட்டும் மைய வழங்கிக்கு, அதாவது டிக்கெட் தரும் சேவையகத்துக்குப் போகிறது. (2) பயனரின் கடவுச்சொல்லிலிருந்து பெற்ற திறவியால் (மறையாக்கத் திறவுகோலால்) பூட்டிய விடை வருகிறது. அதற்குள் அந்த அமர்வுக்கு மட்டுமான தற்காலிக 'அமர்வுத் திறவி'யும் முதல் டிக்கெட்டும் இருக்கும். (3) கடவுச்சொல்லைக் கொண்டு பணிநிலையம் அதைத் திறக்கிறது. கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. (4) அச்சுக்கோ அஞ்சலுக்கோ போகும்போது முதல் டிக்கெட்டைக் காட்டி, அந்தச் சேவைக்கான டிக்கெட் வாங்குகிறோம்.

முதல் வரைவில் 'அனுமதிச்சீட்டு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வலையமைப்புப் பொறியாளர்:

'அனுமதி' கூடாது. அது பிழையான பொருளைத் தருகிறது. கெர்பெரோஸ் டிக்கெட் 'இவர் யார்' என்று மட்டும் சொல்லும், 'இவர் இதைச் செய்யலாம்' என்று சொல்லாது. அச்சிட விடுவதா, கோப்பைத் திறக்க விடுவதா என்பதைச் சேவையகம் தன் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும். மாணவர் மிகவும் குழம்பும் இடம் இதுதான். சொல்லே குழப்பிவிட்டால் ஆசிரியர் என்ன விளக்கினாலும் பயனில்லை. 'நுழைவுச்சீட்டு'க்கும் இதே குறை உண்டு.

கெர்பெரோஸின் நான்காம் பதிப்பில் டிக்கெட்டுக்குள் இருப்பவை: சேவையின் பெயர், பயனர் பெயர், பணிநிலையத்தின் இணைய முகவரி, வழங்கிய நேரம், ஆயுள், அமர்வுத் திறவி. இவை அத்தனையும் அந்தச் சேவையின் திறவியால் பூட்டப்பட்டவை. ஆகவே டிக்கெட்டை வைத்திருக்கும் பயனரால் அதைப் படிக்க முடியாது, சுமந்துபோய்க் கொடுக்க மட்டுமே முடியும். நல்ல கலைச்சொல் இதைத் தொட்டுக்காட்ட வேண்டும்.

தமிழாசிரியர்:

பொறியாளர் ஐயா தம்மையறியாமல் விடையைச் சொல்லிவிட்டார். சுமப்பவர் பிரிக்காத, பெறுபவர் மட்டும் பிரிக்கும் ஏட்டுக்குச் சிலப்பதிகாரம் பெயர் வைத்திருக்கிறது: 'மண்ணுடை முடங்கல்'. புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவி கோசிகனிடம் கொடுத்தனுப்பியது. ஓலையைச் சுருட்டி, மண் அப்பி, அதன்மேல் தன் கூந்தலால் பொறி (முத்திரை) ஒற்றியிருந்தாள். கோவலன் எழுத்தைப் படிக்கும் முன்பே அந்த 'மண்பொறி'யின் நெய் வாசம் அனுப்பியவர் யாரென்று உணர்த்திவிடுகிறது. பூட்டு, சுமப்பவர், அடையாளம் என மூன்றும் ஓரிடத்தில் அமைந்திருக்கின்றன. முடங்கு என்பது வளைதல், சுருள்தல். அதிலிருந்து தொழிற்பெயர் ஆகுபெயராகி ஏட்டைக் குறித்தது.

'டிக்கெட்' என்பதே ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து வாங்கிய சொல்தான். அவர்கள் வாங்கிய சொல்லை நாம் மீண்டும் வாங்குவானேன்? 'முடங்கல்' என்றே வைப்போம்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

ஐயா, சொல் அழகு. வகுப்பில் நிற்காது. 'கணக்கு முடக்கப்பட்டது', 'சேவை முடங்கியது' என்று மாணவர் நாள்தோறும் திரையில் படிக்கிறார்கள். 'பயனருக்கு முடங்கல் வழங்கப்பட்டது' என்று எழுதினால் கணினி நின்றுவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தேர்விலும் அப்படியே எழுதுவார்கள்.

வெறும் 'சீட்டு' போதும். அரசு மருத்துவமனையில் காலையில் ஓபி சீட்டு வாங்குகிறோம். பெயர், வயது எல்லாம் அங்கே ஒருமுறைதான் சொல்ல வேண்டும். அதைக் காட்டி இரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, எக்ஸ்ரேக்கு ஒரு சீட்டு. மறுநாள் அது செல்லாது. முதல் டிக்கெட், சேவை டிக்கெட் இரண்டையும் இதைவிடத் தெளிவாக எந்த உவமையாலும் சொல்ல முடியாது.

தமிழாசிரியர்:

'சீட்டு' இந்துஸ்தானியின் 'சிட்டி'யோடு உறவுடையதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. போகட்டும். பொருளும் சிதறிக் கிடக்கிறதே: ஏலச்சீட்டு, சீட்டாட்டம், சீட்டுக் குலுக்கல். ஒரு துறைச்சொல்லுக்கு இத்தனை பொருள் ஆகாது.

யாழ்ப்பாணத்து வாசகர்:

பொருள் சிதறவில்லை ஐயா, கிளைத்திருக்கிறது. எங்கட பக்கம் கடவுச்சீட்டு, பற்றுச்சீட்டு, வாக்குச்சீட்டு எல்லாம் அரச ஆவணங்களிலேயே இருக்கின்றன. முன்னொட்டுச் சேர்த்தால் பொருள் இறுகிவிடும். பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் 'முறி' இருக்கிறது. திறைசேரி முறி என்று இன்றும் எழுதுகிறோம். ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்கு அது 'உடைத்தல்' என்றே கேட்கும் என்பதால் வற்புறுத்தவில்லை.

கல்வெட்டு ஆர்வலர்:

பட்டினப்பாலையை மறந்துவிட்டீர்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களின்மேல் 'புலி பொறித்துப் புறம் போக்கி'. சோழன் பொறி இருந்தால் பண்டம் மேற்கொண்டு போகும். நம்பகமான மூன்றாமவர் இட்ட பொறி என்பதுதானே மைய வழங்கியின் வேலையும்? 'பொறிச்சீட்டு' என்றால் இரு தரப்பும் அமைதியடையலாம்.

வலையமைப்புப் பொறியாளர்:

பொறியியல் பாடநூலில் 'பொறி' என்றால் எந்திரம். 'பொறிச்சீட்டு' எந்திரத்திலிருந்து வரும் சீட்டு ஆகிவிடும்.

முடங்கலுக்கு வருகிறேன். உவமை எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதே காதையில் அடுத்து என்ன நடக்கிறது? மாதவியின் மடல் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று சொல்லி, கோவலன் அதே ஏட்டைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து அவர்களிடம் காட்டச் சொல்கிறான். ஒருவருக்கு வந்த மடல் அப்படியே இன்னொருவருக்குப் போகிறது. கெர்பெரோஸ் இதைத் தடுக்கப் பெரும்பாடு படுகிறது. டிக்கெட் அந்தச் சேவையின் திறவியால் மட்டுமே திறக்கும். கம்பியில் அதைப் படியெடுத்து அதே சேவைக்கு மீண்டும் அனுப்பினாலும் பயனில்லாமல் செய்ய, ஒவ்வொரு முறையும் அமர்வுத் திறவியால் பூட்டிய புதிய சான்று ஒன்று கூடவே போகும், அதில் அந்நேர முத்திரை இருக்கும். 1978-இல் நீடாமும் ஷ்ரோடரும் தந்த நெறிமுறைக்கு, 1981-இல் டென்னிங்கும் சாக்கோவும் சொன்ன திருத்தம் இந்த நேர முத்திரை.

அதனாலேயே ஒரு தொல்லையும் உண்டு. இரண்டு கணினிகளின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கடவுச்சொல் சரியாக இருந்தும் சேவை மறுக்கப்படும். ஆய்வகத்தில் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த கணினியில் இது அடிக்கடி நடக்கும். மாணவர் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். பாடத்தில் இதற்கு ஒரு பெட்டிச்செய்தி போடுங்கள்.

தமிழாசிரியர்:

மடலை மறுபடி அனுப்பியது கோவலன் செயல். அது சொல்லின் குற்றமாகாது. கூந்தல் பொறியை உடைத்த பிறகே அது கைமாறியது. உடைந்த பொறியோடு வந்த ஏட்டை மாதவியுடையது என்று யாரும் ஏமாறப் போவதில்லை. என் கருத்தில் மாற்றமில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

நாளை மறுநாள் வெள்ளி. அந்த 'முதல் டிக்கெட்'டுக்கும் முடிவு வேண்டும். 'சீட்டு வழங்கு சீட்டு' என்று வைக்கலாமா?

தமிழாசிரியர்:

'வழங்குசீட்டு' வினைத்தொகை, காலம் கரந்தது. வழங்கிய சீட்டா, வழங்கும் சீட்டா என்று இரண்டு பக்கமும் போகும். வல்லினம் மிகாது என்பதையும் அச்சகத்தாரிடம் சொல்லிவையுங்கள், 'வழங்குச்சீட்டு' என்று திருத்திவிடுவார்கள்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

'மூலச்சீட்டு'. மற்றவை 'சேவைச்சீட்டு'. இரண்டும் சொன்னவுடன் புரியும்.

யாழ்ப்பாணத்து வாசகர்:

மூலச்சீட்டுக்கு ஆயுள் சில மணி நேரந்தான். 'நாட்சீட்டு' என்றால் அதுவும் தெரியுமே?

வலையமைப்புப் பொறியாளர்:

ஆயுள் நாளோடு ஒட்டவில்லை. அதீனாவில் வழக்கம் 8 மணி நேரம். நான்காம் பதிப்பில் ஆயுளுக்கு ஒரே ஒரு பைட், அலகு 5 நிமிடம். ஆக 255 × 5 = 1275 நிமிடம், அதாவது 21 மணி 15 நிமிடத்துக்கு மேல் கொடுக்கவே முடியாது. ஒரு நாளுக்கு மேல் ஓடும் கணக்கீடுகள் நடுவில் அறுந்ததற்கு இதுவே காரணம். 1993-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று எழுதினார்கள், புதுப்பிக்கவும் வழி வைத்தார்கள். எனவே 'நாள்' வேண்டாம். மூலச்சீட்டுக்கு என் ஆதரவு.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 2000 முதல், நிறுவனப் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியிலும் இதே டிக்கெட்தான். மைய வழங்கியின் திறவியைத் திருடி மூலச்சீட்டைப் பொய்யாக உருவாக்கும் தாக்குதலுக்கு 'கோல்டன் டிக்கெட்' என்று பெயர். அதைத் 'தங்கச் சீட்டு' ஆக்கிவிடாதீர்கள், நகைக்கடைச் சேமிப்புத் திட்டமாகப் படித்துவிடுவார்கள். 'போலி மூலச்சீட்டு' என்று பொருளையே எழுதுங்கள்.

கல்வெட்டு ஆர்வலர்:

கெர்பெரோஸ் என்ற கிரேக்கப் பெயரையும் பாருங்கள். 'வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை நீக்கி) என்ற தொல்காப்பிய நெறியைக் கிரேக்கத்துக்கும் நீட்டினால் 'கெருபெரோசு' என்றல்லவா வரும்?

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

பெயர் கட்டளைகளோடும் பிழைச்செய்திகளோடும் ஒத்துப்போக வேண்டும், ஐயா. 'கெர்பெரோஸ்' இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

இயலை இன்று அனுப்பிவிட்டேன். சீட்டு, மூலச்சீட்டு, சேவைச்சீட்டு. கூடவே போகும் சான்றுக்கு 'நேரச்சான்று'. முதல் வருகையில் மட்டும் 'சீட்டு எனப்படும் டிக்கெட்' என்றிருக்கும். வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் 'ஆன்ட்ரூ' கோப்பு முறைமையின் டோக்கனுக்கு 'வில்லை' போட்டிருக்கிறேன், மறுப்பிருந்தால் மெய்ப்பு வரும்போது சொல்லுங்கள். தமிழாசிரியர் ஐயாவின் முடங்கல் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாக இருக்கிறது.

தமிழாசிரியர்:

நன்றி அம்மா. சொல்லடைவில் 'முடங்கல்' என்று மட்டும் போடாமல் 'மண்ணுடை முடங்கல்' என்று முழுதாகப் போடுங்கள். அந்த அடைமொழி இருந்தால் கணக்கு முடக்கத்தோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 'வில்லை' பற்றித் தனி மடல் எழுதுகிறேன், அதை இப்படியே விட முடியாது.