ஓவர்டிரைவையும் டிஸ்டார்ஷனையும் சேர்த்தால் இரைச்சல், வழி சொல்லுங்களேன்

கிட்டார் வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. என்னிடம் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் இரண்டு பெடல்கள் இருக்கின்றன: டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (மென்மையான கரகரப்பு) ஒன்று, டிஸ்டார்ஷன் (கடுமையான கரகரப்பு) ஒன்று. தனித்தனியாக இரண்டும் அருமை. சேர்த்துப் போட்டால்தான் வம்பு.

ஓவர்டிரைவை முன்னால் வைத்து, டிரைவை (கரகரப்பின் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் குறைத்து, லெவலை (வெளிவரும் ஒலியளவு) முக்கால்வாசி ஏற்றினால் தடித்த ஈ கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) கச்சிதமாக விழுகிறது. இந்த வகைப் பெடல் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை அடக்கிவிடுவதால் அந்தக் கொழகொழப்பு போய்விடுகிறது. அதுவரை சரி. ஆனால் கையை எடுத்ததும் ‘உஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல். என் கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள்) வேறு, ஹம்மும் (மின்சார ரீங்காரம்) சேர்ந்துகொள்கிறது.

வரிசையை மாற்றி டிஸ்டார்ஷனை முன்னால் வைத்தால் சோலோவுக்கு மிட் (நடு அலைவரிசை ஒலி) எடுப்பாக வருகிறது. கார்டு வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

நாய்ஸ் கேட்டை (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் பெடல்) எங்கே வைக்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால் பெடல்கள் தாமே போடும் இரைச்சல் அப்படியே நிற்குமே! டிஸ்டார்ஷனின் கெயினைக் குறைத்தால் போதுமா? எவ்வளவு குறைத்தால் சஸ்டெயின் (ஸ்வரம் நீண்டு ஒலிப்பது) கெடாது?

ஆம்ப் (ஒலிபெருக்கி) கரகரப்பு சேர்க்காத கிளீன் சேனலில்தான் இருக்கிறது. ‘நல்ல ஆம்ப் வாங்கு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இப்போதைக்கு நடக்காது. அப்புறம், நாப்களை டிரைவ் 9 மணி, டோன் 12 மணி என்று கடிகாரக் கணக்கில் எழுதினால் அப்படியே வைத்துப் பார்த்துவிடுவேன்.