வெற்றிடப் படிவா, படிவிப்பா?

வணக்கம்.

பெரொவ்ஸ்கைற் என்ற பளிங்குப் பொருளால் செய்யும் சூரியக்கலம் பற்றிய கட்டுரையில், வெற்றிட அறைக்குள் ஒரு பொருளை ஆவியாக்கிக் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஏற்றும் முறைக்கு (vacuum deposition) 'வெற்றிட முலாமிடல்', 'வெற்றிட வீழ்படிவு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

முலாம் என்பது மேற்பூச்சு. செம்பு வளையலுக்குத் தங்க முலாம் போட்டாலும் அது செம்பு வளையல்தான். இந்தக் கலத்திலோ, அரை மைக்ரோமீற்றர் அளவு தடிப்புள்ள அந்தப் படலம்தான் ஒளியை உறிஞ்சுகிறது. கண்ணாடி வெறும் தாங்கி. வீழ்படிவு என்றால் கரைசலிலிருந்து கீழே விழுவது. இங்கே கரைசலே இல்லை. கீழே சிறு கிண்ணத்தில், படலத்தின் மூலப்பொருள்களில் ஒன்றான ஈய அயடைட்டைச் சூடாக்க, ஆவி மேலே போய், முகம் கீழாகத் தொங்கும் கண்ணாடியில் ஒட்டுகிறது. விளக்குச் சுடருக்கு மேல் சட்டியைக் கவிழ்த்துக் கண்மை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

'ஆவிப்படிவு' போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். வெற்றிடம் இல்லாமலும் ஆவியிலிருந்து படலம் எடுக்கலாம். ஆகவே 'வெற்றிடம்' இருக்கத்தான் வேண்டும்.

'படிதல்' நம் வாயில் உள்ள சொல். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தல் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். ஆனால் அது தானாகப் படிவது. வெற்றிட அறைக்குள் ஒரு குவார்ட்ஸ் பளிங்கு அதிர்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் படலம் ஏற ஏற அதிர்வெண் குறையும். அதைப் பார்த்தே சூட்டைக் கூட்டிக் குறைக்கிறார்கள். வேண்டிய தடிப்பு வந்ததும் ஆவியின் வழியை மறைக்கிறார்கள். செய்பவரின் கை அந்தச் சொல்லிலும் தெரிய வேண்டாமா?

அதனால் 'வெற்றிடப் படிவிப்பு' என்கிறேன். அறிவு, அறிவிப்பு போலத்தான் படிவு, படிவிப்பு. பிள்ளைகள் படிக்கிறார்கள், நாங்கள் படிப்பிக்கிறோம் என்று இங்கே நாள்தோறும் சொல்கிறோமே, அதே பிறவினைதான்: ஆவி படிகிறது, நாம் படிவிக்கிறோம். 'படிவு' என்பதைக் கடைசியில் கிடைக்கும் படலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இயந்திரக் கைகளைக் கொண்டு கலம் செய்வதற்குத் 'தன்னியக்கக் கலத் தயாரிப்பு' போதும். தயாரிப்பு (fabrication) என்ற இடத்தில் 'புனைவு' வேண்டாம், கதை என்று நினைத்துவிடுவார்கள்.

2009இல் 3.8 சதவீத வினைத்திறனோடு தொடங்கிய கலம் இன்று 25ஐத் தாண்டிவிட்டது. உயர்தர மாணவர்கள் இதைப் பற்றிக் கேட்கும்போது கையில் தமிழ்ச்சொல் இருக்க வேண்டும் என்பதே என் அவசரம்.

இன்னொன்று மிச்சம். ஈய அயடைட்டையும் மெதைல் அமோனியம் அயடைட்டையும் இரண்டு கிண்ணங்களிலிருந்து ஒரே நேரத்தில் ஆவியாக்குகிறார்கள். அதற்கு 'உடன்படிவிப்பு' சரிவருமா? 'உடன்படு' என்ற வினை இடையில் வந்து குழப்புமோ என்று யோசிக்கிறேன். 'இணைப்படிவிப்பு' என்றும் வைக்கலாம். உங்களுக்கு எது படுகிறது?