மறு: மறு: ‘வீரியமான வீரிய ஒட்டு’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

டொராண்டோவிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். இங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும், ஒன்ராறியோவில் வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம் (கியூபெக்கில் கூடாது). பேரப்பிள்ளைகள் வாங்கி வைக்கும் விதைப் பொட்டலத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று இங்குள்ள தமிழ் மூத்தோர் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரு சின்னக் கையேடு போடுகிறோம். பொட்டலத்தின் முகப்பில் ‘பொட்டன்ட், ஹை யீல்டிங் ஹைபிரிட் ஸ்ட்ரெய்ன்’ என்றிருக்கிறது. நான் ‘வீரியமான, அதிக மகசூல் தரும் வீரிய ஒட்டு ரகம்’ என்று எழுதினேன். அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு, “ஏன் பிள்ளை ஒரு சொல்லை ரெண்டு தரம் அடிச்சிருக்கிறாய்?” என்று கேட்டார். முதல் வீரியம் போதையைச் சொல்கிறது, இரண்டாவது செடியின் வளர்த்தியை. இதை எப்படிப் பிரிப்பது?

கோவையிலிருந்து:

தம்பி, ‘வீரிய ஒட்டு’ மேல் கை வைக்காதீர்கள். முப்பது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல். 1965இல் எச்பி 1 கம்பு, 1970இல் சூரத்திலிருந்து எச் 4 பருத்தி என்று ஒட்டு விதைகள் வரிசையாக வந்தபோது உழவர் வாயில் நின்ற சொல் இது. இன்றைக்கும் சந்தையில் நாட்டுக்கம்பா ஒட்டுக்கம்பா என்றுதான் கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாறாமல் ஒரே மாதிரி வரும் வெவ்வேறான இரண்டு தூய வழிகளைச் சேர்த்தால் முதல் தலைமுறை தாய் தகப்பன் இரண்டையும் மிஞ்சி வளரும், அதுதான் அங்கே வீரியம். அதிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் குட்டை, நெட்டை எல்லாம் கலந்து வரும். அதனால்தான் வருஷா வருஷம் விதைக் கடைக்கு நடக்கிறோம். கஞ்சாவுக்கும் இந்தக் கணக்குதான். என்ன, அங்கே ஹைபிரிட் என்று விற்பதில் பாதி இப்படித் தூய வழி பிரித்து எடுத்ததே இல்லை, கலவையோடு கலவை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா சொல்வது சரி. ஆனால் ஒட்டு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒட்டு மாங்கன்றுதான். கத்தியால் சீவி, துணி சுற்றிக் கட்டுவது. இந்தச் செடியைக் கிளை வெட்டி நட்டும் பெருக்குகிறார்களாம், எனவே ‘ஒட்டு’ என்று கண்டதும் யாராவது ஒரு பெரியவர் கத்தியோடு கிளம்பிவிடுவார். நாங்கள் படித்த புத்தகத்தில் ‘கலப்புப் பிறப்பு’. நீளம்தான், ஆனால் எவரும் கத்தியைத் தேடமாட்டார்கள். ரகத்துக்கு எங்களிடம் ‘இனம்’ உண்டு, நெல்லினம் என்பதுபோல.

மதுரையிலிருந்து:

ரகம் அரபு வழி வந்தது, மகசூலும் அப்படியே. முன்னால் ஓர் இகரம் போட்டு ‘இரகம்’ என்று எழுதிவிட்டால் தமிழாகிவிடுமா? விளைச்சல் இருக்கிறது, தஞ்சைப் பக்கம் கண்டுமுதல் இருக்கிறது. வீரியம் வடசொல் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, அடியில் இருப்பது நம் ‘வீறு’. எனவே செடியின் வளர்த்திக்கு ‘வீறு’. போதைக்கோ புறநானூறு 392இலேயே சொல் கிடக்கிறது, ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’. தேள் கொட்டியதுபோல் ஏறும் பழைய கள். கடுப்பு! ‘கடுப்பு மிகுந்த, விளைச்சல் மிகுந்த வீற்றுக் கலப்பினம்.’ இதில் என்ன குறை?

சென்னையிலிருந்து:

குறை என்னவென்றால், அண்ணா, கடுப்பு மிகுந்த செடி என்று படித்தால் அந்தச் செடிக்கு யார் மேலோ கோபம் என்று தோன்றும். இல்லாவிட்டால் சீதக்கடுப்பு. வயசானவர்கள் கையேட்டில் இது வேண்டாம்.

நடுவில் இன்னொன்று. யாரும் ‘ஹெம்ப்’பைச் சணல் என்று எழுதிவிடாதீர்கள். போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பில் ‘சணல் எண்ணெய்’ பார்த்தேன். சணல் சாக்குக் கோணி, சணப்பை பசுந்தாள் உரம், இரண்டுமே வேறு செடி. ஹெம்ப் கஞ்சாச் செடியேதான், போதைப் பொருள் மட்டும் குறைவு, கனடாவில் 0.3 சதவீதம்தான் எல்லை.

மதுரையிலிருந்து:

அப்படியானால் கஞ்சாவும் வேண்டாம், சித்த மருத்துவத்தில் ‘கோரக்கர் மூலி’ என்றே பெயர் உண்டு.

டொராண்டோவிலிருந்து:

ஐயா, தயவுசெய்து. கோரக்கர் மூலி என்று போட்டால் இருமலுக்கு நல்லதா என்று கேட்டு எனக்கு நாற்பது போன் வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொட்டலத்தின் பின்பக்கம், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி 22 சதவீதம் என்று எண்ணாகவே போட்டிருக்கிறது. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் 1995இல் சராசரி 4 சதவீதம், 2014இல் 12. அந்தக் காலத்தில் ஊரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தவர்கள் அதே நினைப்பில் இதைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் இந்த வரியே. ஆகவே போதைக்கு உள்ள சொல் உடனே உறைக்க வேண்டும், மற்றது எப்படிப் போனாலும் பரவாயில்லை.

சென்னையிலிருந்து:

அப்போது ‘காட்டம்’. மிளகாய் காட்டம், புகையிலை காட்டம். வாயில் வைக்கும் முன்னாலேயே எச்சரிக்கும் சொல்.

கோவையிலிருந்து:

காட்டம் மூக்குக்கும் தொண்டைக்கும் உள்ளது தம்பி. தலைக்கு ஏறுவதற்கு அல்ல. காட்டமே இல்லாத சரக்கும் ஆளைச் சாய்க்கும்.

அப்புறம், அந்தப் பொட்டலத்தில் ‘பெமினைஸ்டு’ என்று இருக்குமே, பெண் செடியே வரும்படி செய்த விதை, அதற்கு என்ன போட்டீர்கள்? ஆண் செடி வேறு, பெண் செடி வேறாக வரும் பயிர். மகரந்தம் படாத பெண் பூவுக்குத்தான் மதிப்பு.

டொராண்டோவிலிருந்து:

‘பெண்ணாக்கப்பட்ட விதை’ என்று எழுதி, எனக்கே கூச்சமாகி அழித்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பனையைப் பாருங்கோ. ஆண் பனை அலகு, பெண் பனை பருவம். வடலி வளர்ந்து பாளை விடும்வரை எது எதென்று தெரியாது, இந்தச் செடியும் பூக்கும்வரை அப்படித்தான். ‘பருவ விதை’ என்று போடலாமே?

சென்னையிலிருந்து:

பருவ விதை என்றால் ஆடிப் பட்டத்துக்கு உள்ள விதை என்று நினைப்பார்கள். ‘பெண்செடி விதை’ போதும்.

டொராண்டோவிலிருந்து:

இரவு பதினொன்றரை. அச்சகத்துக்கு இப்படி அனுப்பிவிட்டேன்: ‘போதை கூடிய, நல்ல விளைச்சல் தரும் கலப்பினம் (பெண்செடி விதை)’. ‘ஸ்ட்ரெய்ன்’ கலப்பினத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது, ரகமும் இல்லை, வகையும் இல்லை. காட்டத்துக்கு மூன்று பேர், கடுப்புக்கு ஒருவர், வீரியத்துக்கு ஒருவர். அம்மாவுக்கு ‘போதை’ ஒன்றுதான் உடனே விளங்கியது. எல்லோருக்கும் நன்றி.

மதுரையிலிருந்து:

போதையும் வடசொல் என்று ஒருவரும் சொல்லவில்லையே. இரண்டாம் பதிப்பு எப்போது?