செக்குரிட்டி கொம்பனியோடு எழுத்தில் ஒப்பந்தம் தேவையா?

கோண்டாவிலான்:
யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அப்பாவின் கடைத்தொகுதிக்கு இரவுக் காவலுக்கு ஒரு கொம்பனியைப் பேசியிருக்கிறோம். எழுத்தில் கேட்டால் "நம்பிக்கைதானே அண்ணை" என்கிறார்கள், அப்பாவும் ஊருக்குள் எதற்குக் கடதாசி என்கிறார். கட்டாயம் எழுத வேண்டுமா?

நல்லூர்வாசி:
எழுதுங்கோ தம்பி. அதற்கு முன், 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவரகச் சட்டப்படி அவர்கள் பதிந்தவர்களா என்று பாருங்கோ. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரப் பிரதியை வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கோ. தரத் தயங்கினால் அந்தக் கொம்பனியே வேண்டாம்.

சுன்னாகம் அக்கா:
களவு போனால் யார் பொறுப்பு என்ற வரிதான் முக்கியம். எங்கள் களஞ்சியத்தில் தண்ணி மோட்டர் போனபோது, ஆள் அனுப்புவது மட்டும்தான் தங்கள் வேலை என்று கையை விரித்துவிட்டார்கள், எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆள் வராத இரவுக்கு எவ்வளவு கழிப்பது, திறப்பு யாரிடம், எந்தெந்த மணிக்குச் சுற்றிவந்து பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் வைப்பது, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல், எல்லாம் எழுதுங்கோ.

நல்லூர்வாசி:
இன்னொன்று. காவலாளியின் சம்பளத்தைக் கணக்கிட்டு, ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) முதலாளியான கொம்பனி 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) கொம்பனி 3 வீதம் என்று கட்டவேண்டும். மிக மலிவாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் கை வைப்பார்கள். இரவு முழுக்க விழித்திருக்கும் அந்த மனிதருக்கு அது போய்ச் சேரவேண்டும், மாதாமாதம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் காசு என்று போடுங்கோ.

கோண்டாவிலான்:
சரி, அனுமதிப்பத்திரத்தை நாளைக்கே கேட்கிறேன்.